கன்னத்தில் அடக்கிய ஏலக்காய்

எங்கள் குடோனில் யாருக்கு இருமல் என்று கண்டுபிடிக்க டாக்டர் வேண்டாம், கன்னத்தைப் பார்த்தால் போதும். ஒரு பக்கம் லேசாகப் புடைத்திருந்தால் உள்ளே இரண்டு ஏலக்காய் இருக்கிறது, தொண்டையில் இருமல் அடங்கியிருக்கிறது என்று அர்த்தம். போடியில் ஏலக்காய் பொறுக்கும் பெண்கள் காலங்காலமாகச் செய்வதுதான் இது. இருமினால் கணக்குப்பிள்ளை எங்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார், அன்றைய கூலி போய்விடும். ஆகவே எங்கள் குடோனில் யாருக்கும் இருமல் வருவதே கிடையாது! ஏலக்காய் வாசம் இருக்கிற இடத்தில் சளி அண்டாது என்று வெளியில் பெருமை வேறு.

அந்தப் பெருமை எனக்குப் போன மழைக்காலத்தோடு ஒழிந்தது. என் மகளுக்கு நான்கு வயது, கைக்குழந்தையிலிருந்தே மூச்சிழுப்பு உண்டு. மூக்கு ஒழுகியபோது சாதாரணச் சளி என்றுதான் நினைத்தோம். மறுநாள் மூச்சுக்கு மூச்சு விலா உள்ளே ஒடுங்கியது, உதடு கறுத்தது. தேனி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஊசி குத்தியபோது வாயைத் திறந்தாள், கண்ணீர் வந்தது, சத்தம் வரவில்லை. அழுவதற்குக்கூட அவளிடம் மூச்சு இல்லை. நான் செத்தாலும் அந்த வாயை மறக்க மாட்டேன்.

பிள்ளை தேறிய பிறகு டாக்டரம்மா என்னை உட்காரவைத்துப் பேசினார். "உங்களுக்கு மூக்கோட போற சளி இவளுக்கு நெஞ்சுல எறங்கிரும். மூச்சுல பரவும், கையிலயும் பரவும். மூடுன ரூம்ல ஒருத்தர் விட்ட மூச்சத்தான் மத்தவங்க இழுக்கணும். ஜன்னலைத் தெறந்து வைங்க."

"ஏலக்கா வாயில போட்டுக்கிட்டா தொத்தாதுன்னு சொல்றாகளே டாக்டர்?"

"தொண்டைக்கு இதமா இருக்கும். சத்தம் கொறையும், கிருமி கொறையாது."

வீட்டில் மிச்சம் கிடக்கும் மாத்திரையைக் கொடுத்துவிடாதே என்றும் எச்சரித்து, இவளுக்கு வருடா வருடம் ஃப்ளூ தடுப்பூசி போட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்.

இந்த வருடம் மலைப்பக்கமிருந்து சாரல் தொடங்கியதும் குடோன் ஜன்னல்கள் வழக்கம்போல் மூடப்பட்டன. ஈரக்காற்று பட்டால் காய் நமுத்துப்போகும், பச்சை நிறம் மங்கிவிடும். தூசி பறக்கும் என்று மின்விசிறியும் கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மதினிக்குக் கன்னம் புடைத்திருந்தது. எதிரே இருந்தவளுக்கும் அப்படியே. நான் எழுந்து ஜன்னலைத் திறந்தேன்.

"ஏத்தா, மூடு அத! காய் நமுத்துரும்ல," என்று கணக்குப்பிள்ளை கத்தினார்.

"காய் நமுத்தா மறுபடி காயப்போட்டுக்கலாம்ணே. எம்புள்ள நெஞ்சு நமுத்துப்போனா எங்க கொண்டுபோய்க் காயப்போட?"

"இஷ்டமில்லாட்டி வெளிய போய் உக்காரு."

சரி என்று காய் பொறுக்கும் சொளகைத் தூக்கிக்கொண்டு போய்த் தாழ்வாரத்தில் உட்கார்ந்தேன். வெளியே போ என்றால் நான் கெஞ்சுவேன் என்று எதிர்பார்த்தார் போலும். என்னிடம் அந்தச் சோலியே கிடையாது. சற்று நேரத்தில் மதினியும் வந்தாள். காயைத் துப்பிவிட்டு, காலையிலிருந்து அடக்கிவைத்ததை எல்லாம் முந்தானையில் வாயைப் பொத்தி இருமித் தீர்த்தாள். பாவமாகத்தான் இருந்தது.

"நீ அந்தக் கோடியில உக்காரு மதினி."

"எம்மேல கோவமா?"

"கோவமெல்லாம் இல்ல. வீட்ல புள்ள இருக்கு."

முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருப்பிக்கொள்ளட்டும். மறுநாள் குடோனில் ஒரு ஜன்னல் திறந்திருந்தது, ஒன்றே ஒன்று. அதையும் கணக்குப்பிள்ளை என் முகத்தைப் பார்க்காமல்தான் திறந்துவைத்திருந்தார்.

இவ்வளவு சண்டை போட்டும் எனக்குச் சளி வராமல் இல்லை. அந்த வாரமே ஒரு சாயங்காலம், வீடு திரும்பும் வழியில் தொண்டை அறுத்தது. சுருக்குப்பையில் இரண்டு காய் கிடந்தது. வாயில் போட்டுக்கொண்டால் யாருக்கும் தெரியாது. வாசலில் மகள் கையை விரித்துக்கொண்டு நிற்பாள். காலையிலிருந்து அவளைத் தூக்காத கை எனக்கும் பரபரத்தது.

இரண்டையும் சாக்கடையில் எறிந்தேன். வாசலுக்கு எட்டவே நின்று, முழங்கையில் முகத்தைப் புதைத்து, வீட்டுக்குக் கேட்கும்படி இருமினேன்.

"அம்மாவுக்குச் சளி பிடிச்சிருக்கு. கிட்ட வராத அப்பு. சரியாகுற வரைக்கும் அப்பாகூடப் படுத்துக்க."

"ஒரு தடவ தூக்குனா என்னா ஆயிரும்?" என்றார் என் வீட்டுக்காரர். நான் முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு பின்பக்கம் கை கழுவப் போனேன்.

மகள் தரையில் உருண்டு புரண்டு தெருவே திரும்பிப் பார்க்க அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. ஆனாலும் உள்ளே போகவில்லை. கத்தட்டும். அப்படிக் கத்தி அழ எவ்வளவு மூச்சு வேண்டும் என்று எனக்குத் தெரியும்.