அம்மாவின் ஆஸ்திரேலியப் பாடகி

நேற்று இணையத்தில் ஒரு பழைய ஆஸ்திரேலியப் பாட்டு அகப்பட்டது. முதல் அடியிலேயே குவைத்தின் ஃபஹாஹீலில் நாங்கள் குடியிருந்த ஃபிளாட்டில் மீன் பொரியும் வாசனை வந்துவிட்டது.

இரண்டாயிரத்துக்குப் பின் வந்த வருஷங்கள் அவை. தன் நாட்டுக்குத் திரும்பிய ஆஸ்திரேலிய இன்ஜினியர் ஒருவர் கொடுத்த இசைத்தட்டுகளை அப்பா கொண்டுவந்திருந்தார். ஆங்கிலம் தெரியாத அம்மா, அந்தப் பாட்டைப் பாடிய பாடகியோடு சேர்ந்து பாடிக்கொண்டே சமைப்பாள்.

ஒருநாள் மாடி வீட்டு ஆஸ்திரேலிய நர்ஸ் கதவைத் தட்டினார். சத்தத்துக்குத் திட்டத்தான் வந்திருக்கிறார் என்று பயந்தேன். அவரோ கண்கலங்கி, "எங்க ஊர்லயே இவளை மறந்துட்டாங்க," என்றார். அதை நான் தமிழில் சொன்னதும் அம்மா அவரை உட்காரவைத்து, தட்டை மறுபடி சுழலவிட்டாள். இருவரும் சேர்ந்து பாடினார்கள். அம்மாவுக்கு ஒரு வார்த்தையும் பிசகவில்லை.

நேற்று அந்தப் பாட்டு முடிந்ததும் அம்மாவுக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன்.

"அவ இன்னும் பாடுறாளாடி?"

"பாடுறாங்கம்மா, இந்த வயசுலயும்."

"அப்போ புதுப் பாட்டு ஒண்ணு போடு," என்றாள்.