கேலஸும் புத்தூர்க் கட்டும்

என் வலது மணிக்கட்டு உடைந்ததற்கு நானேதான் காரணம். திருப்பதியில் ஒரு கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறேன். அங்கே திசு வளர்ப்பு ஆய்வகமும் என் பொறுப்பு. வாழைக் குருத்தைச் சின்னச் சின்னத் துண்டாகக் கத்தியால் நறுக்கி, ஜாடிக்குள் வைத்து வளர்க்கிற வேலை. சுத்தம் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பைத்தியம் உண்டு. அன்று தரையை இரண்டு தடவை மருந்து போட்டுத் துடைக்கச் சொன்னேன். துடைத்த அம்மா, "மேடம், காயட்டும்" என்றார். "எனக்குத் தெரியாதா?" என்று எரிந்து விழுந்துகொண்டே கால் வைத்தேன். அடுத்த நிமிஷம் நானும் விழுந்தேன். ஊன்றிய கையில் 'டக்'கென்று ஒரு சத்தம் கேட்டது.

எங்கள் பக்கத்தில் எலும்பு முறிந்தால் எக்ஸ்ரே எடுப்பது ஆஸ்பத்திரியில், கட்டுப் போடுவது புத்தூரில். அதுவும் எங்கள் வீடே புத்தூரில். என் வீட்டுக்காரர் ஊருக்கு வெளியே மாங்கன்று ஒட்டுக்கட்டி விற்கும் நர்சரி வைத்திருக்கிறார். போன் போனதும் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தார், எக்ஸ்ரே படத்தை அக்குளில் இடுக்கினார், என்னை ஆட்டோவில் ஏற்றினார். டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளக்கூட விடவில்லை.

கட்டுப் போடுகிறவர் படத்தை வெளிச்சத்தில் பார்த்தார், கையைப் பிடித்தார், ஒரே இழுப்பு. நான் போட்ட கூச்சலில் பக்கத்து பெஞ்சில் கால் முறிந்து படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். பச்சிலையை முட்டை வெள்ளைக் கருவோடு குழைத்துப் பூசி, துணி சுற்றி, மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினார். "தண்ணி படக்கூடாது, அசைக்கக்கூடாது. பதினைஞ்சாம் நாள் வாங்க, நானே பிரிச்சிப் பாக்கறேன்" என்றார்.

வலியைக்கூடத் தாங்கிக்கொண்டேன். பயத்தைத்தான் தாங்க முடியவில்லை. இந்தக் கை மறுபடி கத்தி பிடிக்குமா? நறுக்குகிற வேலைக்குக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நூல் பிசகாமல் சேர வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக எனக்கு உருப்படியாகத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். பாடம் நடத்த ஆயிரம் பேர் கிடைப்பார்கள்.

பத்தாம் நாள் எங்கள் கல்லூரியில் ஒரு கருத்தரங்கு. ஆளுக்கொரு அறிவியல் சொல்லை எடுத்துக்கொண்டு, அது எங்கே பிறந்தது, எந்தத் துறையில் என்ன பொருள் என்று பேச வேண்டும். கை உடைவதற்கு முன்பே நான் கொடுத்திருந்த சொல் 'கேலஸ்'. மூங்கில் பத்தையோடு மேடை ஏறியதும் முன்வரிசையில் ஒரே சிரிப்பு. சிரியுங்கள், சிரியுங்கள் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டே ஆரம்பித்தேன்.

லத்தீனில் அது கெட்டிப்பட்ட தோல். வெறுங்காலோடு திருமலைப் படி ஏறிப் பழகியவர் குதிகாலில் இருக்கும். மண்வெட்டி பிடித்தவர் உள்ளங்கையில் இருக்கும். நாம் காய்ப்பு என்கிறோம். உடைந்த எலும்பைச் சுற்றித் திரண்டு முட்டுக்கொடுக்கும் புது எலும்புக்கும் வைத்தியர்கள் அந்தப் பெயரையே வைத்தார்கள். பின்னால் எங்கள் தாவரவியல் ஆட்கள், வெட்டுப்பட்ட மரம் தன் காயத்தை மூடத் திரட்டும் சதையையும் அப்படியே அழைத்தார்கள். மாங்கன்றில் ஒட்டு சேர்வது அதனால்தான். கடைசியில் பெயர் ஜாடிக்குள்ளும் வந்துவிட்டது. வேரும் இல்லாமல் இலையும் இல்லாமல் ஆறிப்போன உப்புமா மாதிரிக் கிடக்கிற செல்கூட்டம், அதுவும் கேலஸ். இன்னொன்றும் சொன்னேன். அதே லத்தீன் வேரிலிருந்துதான் அனுபவத்தில் தேர்ந்தவன், சாமர்த்தியசாலி என்று பொருள்படும் சொல்லும் கிளைத்தது. நாமும் கெட்டியிலிருந்து கெட்டிக்காரனை உண்டாக்கியவர்கள்தானே என்றேன். கைதட்டல் பிரமாதம். எனக்கு ஒரே பெருமை.

அந்தப் பெருமை தேநீர் இடைவேளை வரை நின்றது. வந்திருந்தவர்களில் ஒருவர் எலும்பு டாக்டர். வடையும் கையுமாக என்னிடம் வந்தார்.

"நல்லா பேசினீங்க மேடம். ஒண்ணு மட்டும் விட்டுட்டீங்க. கேலஸுக்கு நேர், கோணல் தெரியாது. எலும்பு எப்படி இருக்குதோ அப்படியே ஒட்டிடும். கட்டுப் போட்டதுக்கப்புறம் படம் எடுத்தீங்களா?"

"இல்லீங்களே."

"ம்ம்" என்று வடையைக் கடித்தார். அந்த 'ம்ம்'மை நான் வீடு வரைக்கும் சுமந்துகொண்டு போனேன்.

பன்னிரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. இன்னும் மூன்றே நாள் பொறுத்தால் போதும். ஆக்கப் பொறுத்தவள் ஆறப் பொறுக்கவில்லை. வீட்டுக்காரர் நர்சரிக்குப் போனதும் அவருடைய ஒட்டுக்கத்தியை இடது கையில் எடுத்துக் கட்டை அறுத்தேன். மூங்கில் பத்தைகள் ஒவ்வொன்றாக மேஜையில் விழுந்தன. துணி கருவாடு மாதிரி விறைத்துக்கொண்டு வந்தது. முழுக்கப் பிரித்துப் பார்த்தேன்.

தோல் தெரிந்தது. பச்சைச் சாறு ஊறி, நாறிக்கொண்டிருந்த என் தோல். எலும்பு அதற்கு உள்ளே இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. முனைவர் பட்டம் வேறு வாங்கியிருக்கிறேன்.

திரும்பக் கட்ட வேண்டுமே! பத்தையை வைத்தால் துணி நழுவுகிறது, துணியைப் பிடித்தால் பத்தை உருளுகிறது. ஜன்னலில் அவர் ஒட்டுக்கட்டுகிற பிளாஸ்டிக் நாடா சுருளாகக் கிடந்தது. பல்லால் கடித்து இழுத்துச் சுற்றோ சுற்றென்று சுற்றி, மேலே புடவைத் தலைப்பைப் போட்டு மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மதியம் வந்தவர் தலைப்பைத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னாமே இது?"

"கட்டு."

"புத்தூர் கட்டு எப்போலேர்ந்து பிளாஸ்டிக்ல போட்றாங்க?" என்று முடிச்சைத் திருப்பிப் பார்த்தார். "இப்டிக் கட்டுனா மாங்கன்னு கூட ஒட்டாது."

"கோணலா ஒட்டிக்கினு இருந்தா நீங்களா வந்து குருத்து வெட்டுவீங்க?" என்று கத்தினேன்.

"செரி, பிரிச்சிப் பாத்தியே. இன்னா தெரிஞ்சிது?"

"தோலு."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "படம் எடுத்திருந்தா கட்டோடவே எலும்பு தெரிஞ்சிருக்குமே டீச்சரம்மா!"

அந்த யோசனை எனக்கு வரவே இல்லை என்பதுதான் நிஜம். ஓவென்று அழுதுவிட்டேன். அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "அழாத. கைய ஆட்டாத. கெளம்பு" என்று ஆட்டோவுக்கு ஓடினார்.

கட்டுப் போடுகிறவர் நாடாவைப் பார்த்ததும் தெலுங்குக்கு மாறிவிட்டார். "எவரம்மா கட்டினாரு இதி?" நான் கூரையைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியவர், ஒரு நெல்லளவு நகர்ந்திருக்கிறது என்றார். பிரித்துக் கட்டியதில் நகர்ந்ததுதான். மறுபடியும் இழுப்பு, மறுபடியும் கூச்சல். இந்தத் தடவை வெளியே நின்ற ஆட்டோக்காரரே உள்ளே எட்டிப் பார்த்தார். நாள் கணக்கு ஒன்றிலிருந்து ஆரம்பித்தது. கட்டோடு படம் எடுத்தோம், எலும்பு நேராக இருந்தது. விரல் சேருமா என்பதை எந்தப் படமும் சொல்லவில்லை.

கடைசியாகக் கட்டைப் பிரித்த நாளில் எனக்குப் பார்க்கத் தைரியம் வரவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, "நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றேன். வீட்டுக்காரர் மணிக்கட்டின் மேட்டைக் கட்டைவிரலால் அழுத்தினார். "புடிச்சிக்கிச்சி" என்றார். கட்டுப் போடுகிறவர் விரலை மடக்கச் சொன்னார். மூன்று மடங்கின. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் நடுவில் ஒரு சுண்டைக்காய் அளவு இடம் விட்டு நின்றுவிட்டன. வீடு வரைக்கும் ஆட்டோக்காரர்தான் பேசிக்கொண்டு வந்தார்.

அப்புறம் தினமும் பயிற்சி. துவரம் பருப்பை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்தில் போடுவேன். கீழே சிந்தினால் பருப்பையும் திட்டுவேன், பக்கத்தில் நிற்கிற மனுஷனையும் திட்டுவேன். இரண்டு மாதம் இப்படியே போனது. ஒரு நாள் பருப்பு நழுவவில்லை. மறுநாளே ஆய்வகத்துக்குப் போய்க் கத்தியை எடுத்தேன். முதல் நாலு துண்டும் பல்லால் கடித்த மாதிரி கோணல். ஐந்தாவது நேராக விழுந்தது.

உடனே போன் போட்டேன். "வெட்டிட்டேங்க" என்றேன். மனுஷன் படக்கென்று போனை வைத்துவிட்டார். கோபமாக வந்தது. பேசாமல் வேலையைத் தொடர்ந்தேன்.

சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு நிமிர்ந்தால், கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். வேட்டியெல்லாம் நர்சரி மண். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாளும் என் ஆய்வகத்தை எட்டிப் பார்க்காத மனுஷன். உள்ளே வரச் சொல்லிச் சைகை காட்டினேன். தன் காலைக் காட்டி, மண் என்று கையை விரித்தார். வெட்டு, வெட்டு என்று சைகை செய்தார். அன்று சாயங்காலத்துக்குள் இன்னும் நாற்பது துண்டு வெட்டினேன். நாற்பதுக்கும் தலையாட்டினார்.