பீலித் தண்ணீரின் வளைவு

அம்மா லெபனானுக்கு வீட்டு வேலைக்குப் போய் மூன்றாவது வருடம் அது. இரண்டு வருட ஒப்பந்தம் முடிந்து, இன்னும் ஒரு வருடம் என்று நீட்டி, அதுவும் முடிகிற நேரம். எனக்கு ஓ.எல். பரீட்சை வருடம். அதைப் பற்றி ஊரே பயமுறுத்திக்கொண்டிருக்க, தீபாவளிக்கு அம்மா வருவாளா மாட்டாளா என்பதைத் தவிர வேறெதுவும் என் மண்டையில் தங்கவில்லை.

தோட்டத்து லயத்து வீட்டில் அப்பாவும் நானும் மட்டும். அப்பா ரப்பர் வெட்டுகிறவர்; மரத்தில் கீறிப் பால் எடுக்கிற வேலை. இருட்டோடு மலைக்குப் போய், பால்வாளியை இறக்கிவிட்டு மத்தியானம் வருவார். தின்பார், படுப்பார். பேச்சு என்றால் அவருக்கு வேப்பங்காய். என்னோடு பஸ்ஸுக்கு நடந்து வந்த ஒரே கூட்டாளியும் அந்த வருடம் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டாள். தோட்டத்திலிருந்து பள்ளிக்கூடம் இருக்கிற ருவான்வெல்லை வரைக்கும், சிங்களச் சனம் நிறைந்த பஸ்ஸில், யாரோடும் தமிழில் ஒரு வார்த்தை பேசாமல் போய் வந்த நாட்கள் நிறைய.

அம்மாவின் டெலிபோன் கோல் கடைவீதியில் ஒரு முதலாளியின் கடைக்கு வரும். மாதத்தின் கடைசி ஞாயிறு அப்பா அங்கே போய்க் காத்திருப்பார். நானும் வருகிறேன் என்றால், “நீ இருந்து படி தாயி” என்பார். அவர் திரும்பி வரும்போது நான் தோட்டத்து ரப்பர் ஸ்டோர் வரைக்கும் ஓடிப்போய், மூச்சு வாங்க, “அம்மா சொகமாப்பா? தீவாளிக்கு வந்துருமாப்பா?” என்று கேட்பேன். “சொகந்தான் தாயி. தீவாளிக்கு வந்துருமாம்” என்பார். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நான் ஒரு மாதத்தை ஓட்டிவிடுவேன்.

எங்கள் பள்ளிக்கூடம் முஸ்லிம் பள்ளிக்கூடம். தமிழில் மேல்வகுப்பு படிக்க அக்கம்பக்கத்தில் அதுதான் இருந்தது. கணக்கு சார் ஒரு வேலை கொடுத்தார். வாழ்க்கையில் இருபடிச் சார்பு எங்கே வருகிறது என்று கண்டுபிடித்து, அளந்து, அட்டவணை போட்டு, வரைபு கீறிக்கொண்டு வர வேண்டும். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் பாலம், ராக்கெட் என்று புத்தகத்தைப் பார்த்து எழுதினார்கள். லயத்துப் பிள்ளை ராக்கெட்டுக்கு எங்கே போவது? மூன்று நாள் யோசித்தும் ஒன்றும் வரவில்லை. நாலாம் நாள் பீலிக்குக் குடத்தோடு போனேன். இரும்புக் குழாயிலிருந்து தண்ணீர் வளைந்து விழுந்துகொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து அதில்தான் குளிக்கிறேன். அன்றைக்குத்தான் அது பரவளைவு, இருபடிச் சார்பின் அதே வளைவு, என்று கண்ணில் பட்டது.

அம்மா வந்ததும் இந்த வரைபைத்தான் முதலில் காட்டுவது என்று குடம் நிறைவதற்குள் முடிவு செய்துவிட்டேன். கணக்கு என்றால் அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் பீலி தெரியுமே.

மத்தியானம் அப்பாவை எழுப்பிக் கூட்டிப்போனேன். நேரான கம்பு ஒன்றைக் குழாயின் மேல் கட்டி, பத்துப் பத்து சென்ரிமீற்றருக்கு ஒரு வெட்டுப் போட்டு, வெளியே நீட்டிவிட்டோம். ஒவ்வொரு வெட்டிலிருந்தும் தண்ணீர் எவ்வளவு கீழே இருக்கிறது என்று தையல் டேப்பால் அளக்க வேண்டும். கொப்பி நனையக் கூடாது என்று நான் தள்ளிக் கல்லில் உட்கார்ந்தேன். அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் நின்று சொன்னார். பத்தில் இரண்டு. இருபதில் எட்டு.

நான் கல்லிலிருந்து குதித்தே விட்டேன். தூரம் இரண்டு மடங்கு, இறக்கம் நாலு மடங்கு!

“அப்பா, அடுத்தது பதினெட்டு வரணும். பாருங்க!”

அப்பா டேப்பைப் பிடித்துப் பார்த்தார். “பதினெட்டுதான்.”

“அப்ப நாப்பதுல முப்பத்திரெண்டு வரணும்ப்பா!”

“ஆமா தாயி. முப்பத்திரெண்டேதான்.”

ஐம்பதில் ஐம்பதும் அப்படியே வந்தது. நான் கை தட்டிச் சிரித்தேன். அப்பாவும் சிரித்தார். அன்றைக்கு ராத்திரி வரைந்த வரைபில் ஒரு புள்ளிகூடக் கோட்டை விட்டு விலகவில்லை.

சார் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “இத அளந்தீங்களா புள்ள, இல்ல சும்மா வீட்டுல இருந்துகொண்டு எழுதினீங்களா?”

“அளந்தோம் சேர்.”

“உண்மையா அளந்தா கொஞ்சம் முன்ன பின்ன வரும். ஓடுற தண்ணி இவ்வளவு ஒழுங்கா நிக்காது. திரும்ப அளந்துகொண்டு வாங்க.”

வகுப்பே திரும்பிப் பார்த்தது. எனக்கு மூக்கின் மேல் கோபம். கள்ளி என்கிறாரா? பள்ளிக்கூடம் விட்டதும் உடுப்பைக்கூட மாற்றாமல், டேப்பை மட்டும் எடுத்துக்கொண்டு பீலிக்குப் போனேன். அப்பாவைக் கூப்பிடவில்லை. கொப்பியைக் கல்லின் மேல் வைத்துவிட்டு, நானே நனைந்து நனைந்து அளந்தேன். முப்பதில் பதினேழு. நாற்பதில் முப்பத்து மூன்றரை. ஐம்பதில் நாற்பத்தேழா நாற்பத்தெட்டா என்று சொல்லவே முடியவில்லை. தண்ணீர் அங்கே சிதறிப் போயிருந்தது.

ஈரத்தோடு லயத்துக்கு வந்து அப்பா முன்னால் நின்றேன்.

“நீங்க டேப்ப பாத்துத்தான் சொன்னீங்களா?”

“கிட்டத்தட்ட அங்கதான் இருந்துச்சு. நீ பதினெட்டுன்ன. நானும் ஆமான்னேன்.”

எனக்கு விளங்கியது. தோட்டத்தில் கணக்கப்பிள்ளையோ துரையோ ஒரு எண்ணைச் சொல்லிக் கேட்டால் ‘ஆமாங்க’ என்பதுதான் பதில். “முன்னூறு மரமும் வெட்டியாச்சா?” “ஆமாங்க ஐயா.” அப்படியே தலை நரைத்த மனுஷன். எண்ணை முதலில் சொன்னது நான்தானே. ஏசலாம் என்று வாயைத் திறந்தேன்.

“அம்மா போனதுக்குப் பொறகு அன்னிக்குத்தான் நீ அப்புடி சிரிச்ச,” என்றார் அப்பா.

ஏச வந்ததை விட்டுவிட்டேன். அடுத்த நிமிஷம் வேறொன்று உறைத்தது. ஸ்டோருக்கு ஓடிப்போய் நான் கேட்கிற கேள்வி. அதில் சுகமும் நான் சொன்னது, தீபாவளியும் நான் சொன்னது. அப்பா ‘ஆம்’ மட்டும் போட்டிருக்கிறார்.

கேட்காமல் விட்டுவிடலாமா என்றுகூட இருந்தது. கேட்டேன். இந்த முறை பதிலைச் சேர்க்காமல் கேட்டேன்.

“அப்பா. போன ஞாயித்துக்கெழம அம்மா என்னா சொன்னுச்சு?”

அப்பா துண்டை எடுத்து என் தலையில் போட்டார். “தொவட்டு. சளி புடிக்கும்.”

“என்னா சொன்னுச்சுப்பா?”

“கோல் வரல்ல தாயி.”

“அதுக்கு முந்துன மாசம்?”

“சித்திர வருசத்துக்குப் பொறகு ஒரு கோலும் வரல்ல. மொதலாளி கடைய சாத்துற வரைக்கும் போனுக்குப் பக்கத்துல குந்திகிட்டு இருந்துட்டு வருவேன்.”

ஆறு மாதம். ஒவ்வொரு முறையும் இந்த மனுஷன் தனியாகப் போய்க் குந்தியிருந்துவிட்டு, ஏற்றத்தில் நடந்து வந்து, நான் கேட்டதையே எனக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். அழுதேன். அம்மாவுக்காக அழுதேனா அவருக்காகவா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

சார் புதிய வரைபுக்கு முழுப் புள்ளி போட்டார்.

அந்த மாதக் கடைசி ஞாயிறு நானும் கிளம்பினேன். படி என்று அப்பா சொல்லவில்லை. முதலாளி எனக்கும் ஒரு ஸ்டூல் போட்டார். சாயந்தரத்துக்குள் நாலு முறை போன் அடித்தது. ஒவ்வொரு முறையும் அப்பா எழும்பி நின்றார், முதலாளி சிங்களத்தில் பேசுவதைக் கேட்டு, அம்மா இல்லை என்று உட்கார்ந்தார். நாலாவது முறை நானும் எழும்பி நின்றேன்.