சரியாக மூடப்படவில்லை

அந்தத் தாளின் கார்பன் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. நான்கு வரி ஆங்கிலம். மூன்றாவது வரி ஒரு வால்வைப் பற்றியது. கீழே தமிழில் என் கையெழுத்து. அதைப் போட்ட கையை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சலாக வருகிறது.

எழுபதுகளின் கடைசியில் மலேசியாவில், புக்கிட் செலம்பாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ரப்பர் ஆலையில் வேலை பார்த்தேன். அதற்கு முன் எட்டு ஆண்டுகள் பாலெடுக்க மரம் சீவினேன். ஒரு மழை நாளில் மேட்டுக்காட்டில் வழுக்கி விழுந்ததில் இடது முழங்கால் கெட்டுப்போனது. பால் நிறைந்த காண்டா வாளிகள் இரண்டைத் தோள்கம்பில் தொங்கவிட்டுச் சரிவில் இறங்கும்போது அந்தக் கால் மடங்கிவிடும். ஆலைக்கு மாற்றினார்கள். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவும் கூச்சம். எனக்கு அந்த இடம் கிடைத்தது பெரிய காரியம். அது போனால் மறுபடியும் மேட்டுக்காடுதான்.

வெளிக்காட்டிலிருந்து வரும் பாலைப் பெரிய தொட்டியில் ஊற்றுவார்கள். தொட்டியின் அடியில் ஒரு பித்தளை வால்வு உண்டு. அதைத் திறந்தால் பால் சின்னத் தொட்டிகளுக்கு ஓடும். அங்கே ஆசிட் கலந்து உறைய விடுவோம். வால்வைத் திறப்பதும் மூடுவதும் என் பொறுப்பு.

வால்வின் மரை தேய்ந்திருந்தது. கடைசிச் சுற்றில் பிடிப்பில்லாமல் கைப்பிடி சும்மா சுழலும். இதை நான் தோட்டத்து ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கிராணியாரிடம் சொன்னேன். ஆபீஸ் சன்னலுக்கு வெளியே நின்று, ஒரே ஒரு தடவை, மெதுவாக. "ஆங், எழுதி அனுப்பிடுறேன்லா," என்றார் தலை நிமிராமல். அவர் எழுதவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு மதியம், வால்வை இறுக்கி மூடிவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது ஆலைக்குப் பின்னாலிருந்த கால்வாய் வெள்ளையாக ஓடிக்கொண்டிருந்தது. பெரிய தொட்டியில் பாதி காலி. ஆலையில் இருந்தவர்கள் எல்லாரும் முதலில் கால்வாயைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

மறுநாள் காலை கிராணியார் என்னைக் கூப்பிட்டு, டைப் அடித்த தாள் ஒன்றை நீட்டினார்.

"துரை நாளான்னிக்கு விசாரிப்பாரு. இது உன்னோட வாக்குமூலம். கையெழுத்துப் போடு."

"என்னாங்க எழுதியிருக்கு?"

"வால்வு ப்ராப்பர்லி குளோஸ் பண்ணப்படலேன்னு எழுதியிருக்கேன். உனக்காகத்தான் அந்த ப்ராப்பர்லியப் போட்டேன். அது இல்லேன்னா நீ மூடவே இல்லேன்னு ஆயிடும். அன்னிக்கே வேல போயிடும், தெரியுமா?"

"நான் மூடினேங்க. மரைதான்…"

"அதெல்லாம் இங்கிலீசுல நீட்டிக்கிட்டு இருக்க முடியாது தம்பி. நாலு வரிதான் துரை படிப்பாரு. ம், போடு."

பேனாவை என் விரல்களுக்கு நடுவே அவரே வைத்தார். என் பின்னால் இரண்டு பேர் வேறு வேலையாக வரிசையில் நின்றார்கள். அவர்கள் காத்திருக்கிறார்களே என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. போட்டுவிட்டேன். காரணம் கேட்டால் இவ்வளவுதான் சொல்ல முடியும்.

அன்று பிற்பகல், கிராணியார் எனக்கென்று கொடுத்த நகலை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிச் சுங்கைப் பட்டாணி டவுனுக்குப் போனேன். எங்கள் தோட்டத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த அக்கா ஒருவர் அங்கே டைப்பிங் வகுப்பு நடத்தி வந்தார். சின்ன வயதில் பக்கத்து லயத்து வீட்டில் இருந்தவர். சுவரில் சிலுவை, அதற்குக் கீழே வரிசையாக மேசைகள், எட்டு மெஷின்கள். வகுப்பு முடியும்வரை வெளியே கடைவரிசையின் ஐந்தடி நடைபாதையில் நின்றேன். அவரே பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

தாளைப் படித்தவர், "கையெழுத்துப் போட்டுட்டா வந்தே? குழம்ப ஊத்திட்டு உப்பு போடலாமான்னு கேக்குற," என்றார். பிறகு பென்சிலை எடுத்து, 'தி வால்வ் வாஸ் நாட் ப்ராப்பர்லி குளோஸ்ட்' என்று மூன்றாவது வரியை வாசித்து, ஒவ்வொரு வார்த்தையாகத் தொட்டுக் காட்டினார்.

"இதுதான் 'இல்ல'. மொதல்லயே வந்துடுச்சு பாரு. கடைசியில இருக்கறது 'மூடுறது'. ரெண்டுக்கும் நடுவுல 'சரியா'ன்னு ஒரு வார்த்தையச் சொருகியிருக்கான். இப்ப இது மூடலேன்னும் சொல்லல, மூடினான்னும் சொல்லல."

"யாரு மூடலேன்னு எங்க இருக்குக்கா?"

"அது இல்லவே இல்ல. அதுக்காகத்தான்டா இப்படி எழுதுறாங்க."

மேசை இழுப்பறையைத் திறந்து, பிள்ளைகள் அடித்துப் பழகும் கடிதங்களைக் காட்டினார். தங்கள் விண்ணப்பம் இன்னும் பெறப்படவில்லை. தங்கள் வேண்டுகோளைத் தற்போது சாதகமாகப் பரிசீலிக்க இயலாது. இந்த விவகாரம் இன்னும் இறுதியாக முடிவு செய்யப்படவில்லை. ஆங்கிலத்தில் வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னார். எல்லாவற்றிலும் 'இல்லை' முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தது. அதற்குப் பின்னால் இன்னும், சாதகமாக, இறுதியாக என்று ஏதோ ஒன்று. ஒன்றில்கூட ஆள் இல்லை.

தமிழிலும் இப்படி ஆள் இல்லாமல் எழுதலாம்தான். ரேடியோச் செய்தியில் கேட்டிருக்கிறேன். ஆனால் எங்கள் லயத்தில் எவரும் இப்படிப் பேசிக் கேட்டதில்லை. சோறு சரியாக வடிக்கப்படவில்லை என்று நான் வீட்டில் சொன்னால், யாரைச் சொல்கிறாய் என்று என் மனைவி கரண்டியோடு திரும்புவாள்.

அக்கா எனக்கு ஒரு பதில் எழுதித் தந்தார். அவர்களுடைய முறையிலேயே இருக்கட்டும் என்றார். ஆங்கில வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தார். இட் குட் நாட் பி டைட்லி குளோஸ்ட், சார். தி திரெட் இஸ் வோர்ன். அதை இறுக்கமாக மூட முடியவில்லை, மரை தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

"சத்தமாச் சொல்லு."

சொன்னேன்.

"நான் இங்கதான் இருக்கேன், எனக்கே கேக்கல. இன்னொரு வாட்டி."

பஸ்ஸில் முணுமுணுத்தேன். குளிக்கும்போது சொன்னேன். மறுநாள் ஆலையில் தொட்டி கழுவும்போது சொன்னேன். 'டைட்லி' எங்கே வரவேண்டும் என்பது மட்டும் தடுக்கிக்கொண்டே இருந்தது. ஒரு தடவை வாக்கியத்தின் கடைசியில் போய் விழும், ஒரு தடவை 'நாட்'டுக்கு முன்னால் நிற்கும். என்ன பாஷை இது என்று எனக்குக் கோபமாக வந்தது. ஆனாலும் விசாரணை நாளன்று காலையில் ஒரு தடங்கலும் இல்லாமல் பத்துத் தடவை சொல்லியிருப்பேன்.

தோட்ட மானேஜரான துரை சீனர். வருடக்கணக்காகத் தோட்டங்களில் இருந்ததால் எங்கள் தமிழ் அவருக்கு நன்றாகவே வரும். அது எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் தாள் ஆங்கிலத்தில் இருந்ததால் கேள்வியும் ஆங்கிலத்தில்தான் வரும் என்று நானாக முடிவு செய்துகொண்டிருந்தேன்.

அவர் தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"டேய், வால்வு நீ மூடினியா, மூடலியா?"

அவ்வளவுதான் கேள்வி. மூடினேன் சார் என்று சொல்லியிருக்க வேண்டும். மூடினேன் என்றால் நான் கையெழுத்துப் போட்ட தாள் பொய். மூடவில்லை என்றால் நான் சொல்வது பொய். கிராணியார் துரையின் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனப்பாடம் செய்த ஆங்கிலத்தை மனதுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். தமிழில் கேட்டவருக்கு ஆங்கிலத்தில் பதில் சொன்னால் திமிர் என்று நினைப்பாரோ என்று வேறு தோன்றியது.

"வாய்ல என்ன, பால் ஒறஞ்சு போச்சா?" என்றார் துரை.

"யெஸ் சார்," என்றேன்.

எதற்கு யெஸ் என்று எனக்கே தெரியாது. அவர் ஏதோ குறித்துக்கொண்டார். மறுவாரம் மறுபடியும் மரம் சீவ மேட்டுக்காட்டில் எனக்கு ஒரு நிரை கொடுத்தார்கள்.

ஆலையில் என் இடத்துக்குத் திகாம் பத்து என்ற ஊரிலிருந்து ஒருவன் வந்தான். என்னைவிட இளையவன், பெரிய வாய்க்காரன். சுமார் இரண்டு மாதம் கழித்து அவன் கையிலும் பால் ஓடியது. அதே வால்வு, அதே கால்வாய். கிராணியார் அவனுக்கும் தாள் அடித்திருக்கிறார். மறுநாள் விடிந்ததும் பெரட்டில் நாங்கள் எல்லாரும் பேர் கொடுக்க நின்றபோது, அவன் அந்தத் தாளைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு வந்தான்.

"கிராணியாரே, இதுல மூடப்படலேன்னு இருக்காம். எவன் மூடல? அவன் பேர மொதல்ல எழுதுங்க, அப்புறம் நான் கையெழுத்துப் போடுறேன்."

"டேய், மெதுவாப் பேசு. ஆபீஸ் விசயம்லா இது."

"என்னா மெதுவா? மரை தேஞ்ச வால்வ வச்சிக்கிட்டு நான் என்னா, பல்லாலயா கடிச்சிப் பிடிக்கறது?"

வரிசை முழுக்கச் சிரித்தது. ஜீப்பில் உட்கார்ந்திருந்த துரை காதிலும் விழுந்தது. இறங்கி நேரே ஆலைக்கு நடந்து போய்க் கைப்பிடியைத் தானே சுற்றிப் பார்த்தாராம். மூன்றாம் நாள் சுங்கைப் பட்டாணியிலிருந்து புது வால்வு வந்தது. அவனை யாரும் ஒன்றும் செய்யவில்லை.

நானும் சிரித்த வரிசையில்தான் நின்றேன். அவன் கேட்டதில் ஒரு ஆங்கில வார்த்தைகூட இல்லை. எட்டு மெஷின்களுக்கு நடுவில் உட்கார்ந்து நான் கற்றுக்கொண்டது எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. அதை எண்ணி எண்ணி அன்று நாலு மரத்தில் பட்டையை ஆழமாக வெட்டி, வேலையை மேற்பார்க்கும் தண்டலிடம் திட்டு வாங்கினேன்.

ஒரு வாரம் யோசித்துவிட்டு ஆபீஸ் சன்னலுக்குப் போனேன். வால்வுதான் கெட்டது என்று இப்போது தெரிந்துவிட்டதே, என்னை மறுபடியும் ஆலையில் போட முடியுமா என்று கேட்டேன்.

கிராணியார் கோபப்படவில்லை. பரிவாகத்தான் பேசினார். "ஒன் கேஸு முடிஞ்சி போச்சு தம்பி. சைன் பண்ணின கேஸு கேனாட் பி நார்மலி ரீஓப்பன்ட்."

எனக்குப் புரிந்தது. 'நாட்' முன்னால் வந்துவிட்டது, நடுவில் 'நார்மலி', கடைசியில் மறுபடி திறப்பது. ஆள் இல்லை. அக்கா பென்சிலால் தொட்டுக் காட்டுவதுபோல ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது.

"யாருங்க தொறக்க மாட்டாங்க?" என்றேன்.

அவர் தலை நிமிர்ந்தார். "என்னது?"

குரல் அவருக்கு எட்டவில்லை. இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். என் பின்னால் அன்று ஒருவர்கூட நிற்கவில்லை.

"ஒண்ணுமில்லீங்க," என்று சொல்லிவிட்டு, சுவரில் சாய்த்து வைத்திருந்த கம்பையும் வாளிகளையும் எடுத்துக்கொண்டு காட்டுக்கு நடந்தேன்.