சினோராவின் அழைப்பு

ஞாயிற்றுக்கிழமை காலைகளில், லண்டன் பிளேஸ்டோவில் நாங்கள் இருந்த சின்ன மாடிவீடு முழுவதும் கசப்பான கோப்பி மணம் நிறைந்திருக்கும். எனக்கு எட்டு வயதில் இத்தாலியை விட்டு லண்டனுக்கு வந்தபோது, அங்கே அம்மா வீட்டோடு இருந்து பராமரித்த பழைய திரைப்பட நடிகை கொடுத்துவிட்ட அலுமினியக் கேத்தலில்தான் அந்தக் கோப்பி கொதிக்கும். அவரை நாங்கள் "சினோரா" என்போம்; இத்தாலிய மொழியில் "அம்மணி" என்பதுபோல.

கோப்பி இறங்குமுன் அம்மா சினோராவின் கதையைத் தொடங்கிவிடுவார். துணி வெளுக்கும் குடும்பத்தில் பிறந்து, ஒருநாள் கூலிக்காகப் படப்பிடிப்புக் கூட்டத்தில் போய் நின்றவர், சில வருடங்களில் நாடே கொண்டாடும் நடிகையானார். கடலுக்குப் போன கணவன் திரும்பாத காட்சியில், ஒரு சொல்லும் பேசாமல் ஒரு ஆரஞ்சுத் தோடம்பழத்தை உரித்தே ஊரை அழவைத்தாராம். முகத்தில் சுருக்கம் விழுந்ததும் படக்காரர் அவருடைய தெருப்பக்கமே வரவில்லை. "எத்தினை படம் நடிச்சு என்ன, சீப்பால தலை இழுத்துவிட ஆளில்லை அவவுக்கு," என்பார் அம்மா. தலை இழுத்துவிட்டதும், இடியப்பமும் சொதியும் சாப்பிடப் பழக்கியதும் அம்மாதான்.

"நான் விழுந்தால் கூப்பிடுவன், வருவியா எண்டு கேட்டவ. வாறன் எண்டு வாக்குக் குடுத்திட்டன்," என்பார் அம்மா. கதை இந்த இடத்துக்கு வந்தால் நான் அம்மாவோடு ஒட்டி உட்கார்ந்துவிடுவேன். இத்தாலியில் கிழமைக்கு ஆறு நாள் அம்மா சினோரா வீட்டில்தான் படுத்தார். லண்டனுக்கு வந்த பிறகுதான் எனக்கு அம்மா முழுதாகக் கிடைத்திருந்தார்.

எனக்குப் பத்து வயதில், அம்மா ஷிப்டுக்குப் போயிருந்த ஒரு சனிக்கிழமை பின்னேரம் போன் அடித்தது. மெலிந்த குரல் ஒன்று அம்மாவின் பெயரைச் சொல்லி, விழுந்துவிட்டேன், வரச் சொல் என்று இத்தாலிய மொழியில் கெஞ்சியது. இத்தாலியில் படித்தபோது அந்த மொழியில் எனக்குப் பள்ளிக்கூடத்தில் நல்ல பெயர். அப்படி ஒருவரும் இங்கே இல்லை என்று பிழையில்லாமல் சொல்லிவிட்டு வைத்தேன். அந்த நேரம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

சில கிழமைகள் கழித்து அம்மா இத்தாலிக்குப் போன் எடுத்துப் பார்த்தபோது சினோராவின் இலக்கம் வேலை செய்யவில்லை. ஏதோ முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டார்கள் என்று மட்டும் யாரோ சொன்னார்கள். அவராகக் கூப்பிடுவார் என்று அம்மா காத்திருந்தார். லண்டனிலேயே குட்மேய்ஸுக்கு வீடு மாறியபோதும் பழைய இலக்கத்தையே கேட்டு வாங்கினார். எல்லோர் கையிலும் கைபேசி வந்த பிறகும் சுவரில் இருந்த போனைத் தொட விடவில்லை.

போன மாதம் சினோரா இறந்த செய்தி வந்தது. என் கைபேசியில் அந்தத் தோடம்பழக் காட்சியை அம்மாவுக்குக் காட்டினேன்.

"பார், தோல் அறாமல் உரிக்கிறா. எனக்கும் காட்டித் தந்தவ," என்றார். காட்சியைத் திரும்பப் போடச் சொன்னார். "கூப்பிடுவன் எண்டவ பிள்ளை. கடைசிவரைக்கும் கூப்பிடேல்லை. என்னை மறந்திட்டா போல."

சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தேன். "ஓம் அம்மா," என்றுதான் வந்தது.

இப்போது ஞாயிறுகளில் வீட்டில் கோப்பி மணம் இல்லை; கேத்தல் அலுமாரிக்குள் போய்விட்டது. "இனி ஆர் கூப்பிடப்போயினம், அந்தப் போனைக் கழட்டு பிள்ளை," என்றார் அம்மா. நான்தான் கழற்றினேன்.