விட்ட இடத்தை மறக்காத சில்லு

செவ்வாய்க்கிழமை காலை ஓசூரிலிருந்து சபீனா மேடத்தின் தம்பி போனில் பேசினார். "அக்கா நேத்து தவறிட்டாங்க ஆயா. மாரடைப்பு."

"இன்னைக்குச் சீம்பாலுக்கு வர்றேன்னாங்களேப்பா" என்றேன். அவர் அழுதார். வெல்லம் போட்ட சீம்பால் அப்போதும் அடுப்பில்தான் இருந்தது.

சபீனா, கிருஷ்ணகிரியில் புளி வியாபாரம் செய்த குடும்பத்துப் பெண். ஓசூரில் சில்லு, அதாவது கம்ப்யூட்டர் சிப், வடிவமைக்கும் இன்ஜினியர். எங்கள் நாட்றாம்பாளையத்துக்கு முதலில் வந்தபோது, அஞ்செட்டியில் பஸ்ஸைத் தவறவிட்டுத் தக்காளி வண்டியில் ஏறி வந்தார். கையில் ஒரு கழுத்துப் பட்டை. மாட்டுக்குக் கட்டினால், அது காட்டில் எங்கே நிற்கிறது என்று என் போனுக்குச் சொல்லுமாம்.

"பேட்டரி தீந்தா யாரு மாத்துறது?" என்றேன்.

"பேட்டரியே கிடையாது ஆயா. வெயிலும், மாடு கழுத்தை ஆட்டுறதும்தான் அதுக்குச் சாப்பாடு. அதுவும் கொஞ்சூண்டு. அதனால உள்ள இருக்கிற சில்லு எந்நேரமும் தூங்கும். கண்ணைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுத் திரும்பத் தூங்கும்."

"எங்க வீட்டு மருமகன் மாதிரின்னு சொல்லும்மா."

அவர் சிரித்த சிரிப்பில் மாடு மிரண்டது.

என் மாடு செவலைக்குக் கட்டினோம். ஐப்பசி அடைமழையில், சினையாக இருந்த செவலை காட்டிலேயே தங்கிவிட்டது. பட்டை வாய் திறக்கவில்லை. நான்காம் நாள் செவலை பள்ளத்தில் செத்துக் கிடந்தது.

சபீனா மறுநாளே வந்தார். மழுப்பவில்லை. "தப்பு என்னுதுதான் ஆயா. வெயில் இல்லாததால சில்லு பாதி வேலையிலயே செத்திருக்கு. அடுத்த தடவை எழுந்ததும் எல்லாத்தையும் மறந்துட்டு மொதல்ல இருந்து ஆரம்பிச்சிருக்கு. நாலு நாளும் இதேதான். நான்தான் அப்படி அமைச்சேன்."

அன்று அவருக்கு ஒரு சொம்புத் தண்ணீர்கூட நான் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு வந்தபோதும் கொடுக்கவில்லை. அவர் பாட்டிலில் கொண்டுவந்து, கொட்டகைக் கல்லில் உட்கார்ந்து குடிப்பார்.

"இன்னும் கோவமா ஆயா?" என்று ஒருநாள் கேட்டார்.

"செவலை எந்தப் பக்கம் தலை வெச்சுக் கெடந்துச்சுன்னு சொல்லட்டுமா? சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்."

"அதேதான் ஆயா சில்லுக்கும் வேணும். செத்து எழுந்தாலும் விட்ட எடத்தை மறக்கக் கூடாது."

கேலி என்று நினைத்தேன். இல்லை, அந்த வேலையில்தான் இருந்தார். வேலையில் ஒவ்வொரு அடி முடிந்ததும், கரண்டு போனாலும் அழியாத இடத்தில் குறித்துவைக்கும்படி சில்லை மாற்றினார். குறிப்பதற்கும் கரண்டு செலவாகுமாம். எதைக் குறிப்பது, எதை விடுவது என்பதிலேயே இரண்டு வருஷம் போயிற்று. புதுப் பட்டையோடு வந்தவர், "நீங்களே கட்டுங்க. வேணாம்னா எடுத்துட்டுப் போயிடறேன்" என்றார். செவலையின் மூத்த கிடாரிக்குக் கட்டினேன்.

இந்த ஐப்பசியிலும் அதே மழை. நிறைசினைக் கிடாரி வீடு திரும்பவில்லை. இரண்டு நாள் சத்தமே இல்லை. ஞாயிறு மதியம் போன் அடித்தது. துண்டு துண்டாகச் சேர்த்துவைத்த சேதியைப் பட்டை சொல்லிவிட்டது. அது காட்டிய இடத்துக்குப் போனால், மூங்கில் புதருக்குள் கிடாரியும் ஈரம் காயாத கன்றும் உயிரோடு இருந்தன.

அன்று நானே அவரைக் கூப்பிட்டேன். "கன்னு போட்டிருக்கு. செவ்வாக்கெழம வாம்மா, சீம்பால் வெச்சிருக்கேன்."

"வர்றேன். தண்ணியும் உண்டா ஆயா?" என்றார்.

"வா, பாக்கலாம்."

நான் அவரிடம் கடைசியாகச் சொன்னது அதுதான். உண்டு என்று சொல்லியிருக்கலாம்.

மேகம் விலகும்போதெல்லாம் கிடாரியின் பட்டை விழித்து, இங்கேதான் நிற்கிறேன் என்று போனில் சொல்கிறது. ஒரு சொம்புத் தண்ணீரைக் கொட்டகைக் கல்லின் மேல் வைத்திருக்கிறேன்.

போய் வா, கண்ணு. விட்ட இடம் எனக்கு நினைவிருக்கிறது.