ஏழாம் எண்ணுக்கு நேரே ஒரு சாக்கு அரிசி

சைக்கிள் கடைக்காரனுக்கு ஊரில் உள்ள எல்லாச் சக்கரத்தின் கோணலும் தெரியும். அவை எங்கே போகப்போகின்றன என்பதுதான் கடைசியாகத் தெரியவரும். கடை வைத்திருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கல்யாணச் சட்டை தைக்கிறவரும், ரயில் நிலையத்தில் பயணச்சீட்டு எழுதுகிறவரும் என் கட்சிதான்.

அன்று கடையில் இருந்தவர்கள்

பாறசாலையிலிருந்து நெய்யாற்றங்கரைக்குப் போகிற வழியில் என் கடை. அந்த ஞாயிற்றுக்கிழமை அங்கே இருந்தவர்களை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். தனுவச்சபுரத்தில் கல்லூரி வாத்தியாரான ஜெபராஜ். அவர் மனைவி மெர்சி. பூவாரில் சுற்றுலாப் படகு ஓட்டும் அனில். அவர் மனைவி லதா. லதாவின் அண்ணன் பிரசாத். அனிலுக்கு மச்சினன், அதனால் எங்கள் எல்லோருக்கும் அவர் அளியன். ஜெபராஜின் பக்கத்து வீட்டுக்காரர் சுகுமாரன். ஓய்வு பெற்றவர், இரண்டு முழங்காலிலும் வலி உள்ளவர். இவர்கள் ஆறு பேர். நான் ஏழாவது.

இதில் மலைச் சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர்கள் மூன்று பேர்: ஜெபராஜ், அனில், நான். பெருங்கடவிளைப் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்குப் பதினோரு ஞாயிறு போயிருக்கிறோம். பதினோரு தடவையும் இறக்கத்தில் முதலில் கீழே வந்தவன் நான். இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் எண்ணிக்கை அதுதான்.

ஜெபராஜும் அனிலும் சைக்கிளோடு நேபாளம் போக ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். இரண்டு ஆண்கள் மட்டும் மலையேறப் போவதற்கு இரண்டு வீட்டிலும் சம்மதமில்லை. ஆகவே குடும்பம் சேர்ந்தது, பிறகு அளியன் சேர்ந்தார், பிறகு சுகுமாரன் சேர்ந்தார். அளியனுக்குச் சைக்கிளில் எந்தக் கால் முதலில் ஏறும் என்றே தெரியாது. மலையில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று நான் கேட்டதற்கு அவர் சொன்னார்: "அண்ணே, இவனுவ மேல போயிட்டு வரட்டு. எத்தன பேரு திரும்பி வாறாங்கண்ணு நான் கீழ இருந்து எண்ணிக்கிடுதேன்."

எண்ணுவது என் வேலை.

ஏழாம் எண்

நேபாளத்தில் அவர்களுக்கு ஏற்பாடான ஜீப்பில் டிரைவர் போக ஏழு பேர் உட்காரலாம். "பேரெல்லாம் அண்ணன் எழுதட்டு. அண்ணன் எழுதினா ஒரு எண்ணம் தப்பாது" என்று ஜெபராஜ் சொன்னார்; எங்கள் பக்கத்தில் எண்ணம் என்றால் எண்ணிக்கை. பழைய காலண்டர் தாளின் பின்புறத்தில் ஒன்று முதல் ஆறு வரை எழுதினேன். ஏழு என்று எண்ணைப் போட்டு, நேரே ஒன்றும் எழுதாமல் விட்டேன். சொந்தப் பெயரை நானே எழுதிக்கொள்வது முறையாகப் படவில்லை. யாராவது ஒருவர் "அது அண்ணனாக்கும்" என்று சொன்னால், எழுதப் பேனா கையிலேயே இருந்தது. தாளை ஆணியில் மாட்டினேன். மூன்று ஞாயிறு தொங்கியது.

நான்காம் ஞாயிறு மெர்சி அதை நின்று வாசித்தாள். ஏழாம் எண்ணில் விரலை வைத்தாள். என் கை பேனாவுக்குப் போனது. "பாத்தீங்களா, அண்ணனுக்க புத்திய. சாமான் வைக்க ஒரு எடம் விட்டிருக்காரு" என்றாள். அந்த ஊர் அரிசி சுகுமாரனுக்குச் சேராதாம். பத்துக் கிலோ சம்பா அரிசி கொண்டுபோக வேண்டுமாம். அப்போதே ஜெபராஜ் என் கையிலிருந்த பேனாவை வாங்கி, ஏழுக்கு நேரே "அரிசி" என்று எழுதினார்.

மனிதன் மனிதனைப் பார்த்துப் பொறாமைப்படுவது உண்டு. நான் ஒரு சாக்கைப் பார்த்துப் பட்டேன். அதற்கு என் முகம் எப்படி இருந்ததோ தெரியவில்லை, மெர்சி கேட்டாள்: "என்னண்ணே, பத்துக் கிலோ போதாதா?"

படகுக்காரரும் படகும்

சைக்கிள் ஓட்டாதவர்களை வைத்துக்கொண்டு மலைப் பயணம் திட்டமிடுவது லேசல்ல. சைக்கிள்காரர்கள் மேட்டில் இருக்கும்போது மற்றவர்கள் வெயிலில் காத்திருக்கக் கூடாது. சாப்பாட்டு நேரத்துக்கு எல்லோரும் ஓரிடத்தில் இருக்க வேண்டும். அதற்கும் வழி சொன்னவன் நான்தான். காலை ஐந்தரைக்கு ஏற்றம், பதினோரு மணிக்குள் இறக்கம், பிறகு ஏரியில் எல்லோரும் சேர்ந்து படகு. அவர்கள் அங்கே இருக்கும் மூன்று நாளைக்கும் மணி போட்டு எழுதிக் கொடுத்தேன். அந்த ஏரியை நான் பார்த்ததில்லை. ஆனால் எத்தனை மணிக்கு அதன் கரையில் யார் நிற்பார்கள் என்பது எனக்கு மனப்பாடம்.

அனிலுக்குப் படகு பிடிக்கவில்லை. "படகு ஓட்டுறவன படகில ஏத்துறதுக்கா நேபாளம்?" என்றார். லதா அதிகம் பேசாத பெண். அன்று பேசினாள்: "பூவாறுல நீங்க ஓட்டுவீங்க, சவாரிக்காரங்க இருப்பாங்க, எனக்கு எடம் கிடையாது. நேபாளத்திலயாவது நான் படகில சும்மா இருப்பேன்."

தலைக்கவசம்

சுகுமாரன் தனக்கும் ஒரு தலைக்கவசம் வேண்டும் என்றார். சைக்கிளைத் தொடாதவருக்கு எதற்கு என்று கேட்டேன். இருந்தாலும் அளவு பார்த்து, பட்டையைத் தாடைக்குச் சரியாக இழுத்துக் கட்டிக் கொடுத்தேன். அவர் அதைப் போட்டுக்கொண்டு என் ஸ்டூலிலேயே கால்மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுச் சொன்னார்: "ஜீப்புக்குள்ள இருக்கியதுக்கு இது சுகமாக்கும்."

மூன்று நாள் சும்மா இருந்தது

இது நான் செய்த தப்பு. டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை அளியன் வந்து, பாஸ்போர்ட் காலாவதியாகிவிட்டது, ஆகவே தான் போகவில்லை என்றார். நேபாளத்துக்கு வாக்காளர் அட்டையே போதும் என்பது எனக்குத் தெரியும். ஜெபராஜ் ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னதைக் கேட்டு, என் அட்டையை இரண்டு நகல் எடுத்து மேசை டிராயரில் வைத்திருந்தேன். ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. "அப்படியா, கஷ்டம்தான்" என்று மட்டும் சொன்னேன். ஆறில் ஒன்று போனால் ஐந்து. ஐந்து பேரும் ஒரு சாக்கும் என்றால் இன்னும் ஓர் இடம் உண்டு. அன்று பஞ்சர் ஒட்டும்போது இதையே கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை அளியன் சிரித்துக்கொண்டு வந்தார். யாரோ சொல்லிவிட்டார்கள், அட்டையைக் காட்டினார். எனக்கு ஒரு நேந்திரம்பழக் குலையும் கொண்டுவந்திருந்தார். பதினெட்டுப் பழம். போகும்போது கூட வந்த அனிலிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "பாவம், அண்ணனுக்கு இதொண்ணும் தெரிஞ்சிருக்காது."

மூன்றாவது பெட்டி

விமானத்தில் சைக்கிளை அப்படியே ஏற்ற மாட்டார்கள். பெடல், முன்சக்கரம், ஹேண்டில், சீட்டு எல்லாம் கழற்றி, புதுச் சைக்கிள் வரும் அட்டைப்பெட்டியில் வைத்துக் கட்டவேண்டும். நெய்யாற்றங்கரையில் ஒரு பெரிய கடையில் கேட்டுப் பெட்டிகளை ஆட்டோவில் கொண்டுவந்தேன். சைக்கிள் இரண்டு. நான் கொண்டுவந்த பெட்டி மூன்று. பெட்டி மாறிப்போகாமல் இருக்க ஒவ்வொன்றிலும் பெயர் எழுதுவது என் வழக்கம், மூன்றாவதிலும் எழுதினேன். எழுதிய பக்கத்தைச் சுவரைப் பார்த்து நிறுத்தினேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அரிசிச் சாக்கு கிழிந்துபோகவும் கூடும் என்று ஒரு நினைப்பு.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு ஆறு பேரும் கடைக்கு வந்தார்கள். இரண்டு பெட்டியையும் கட்டி முடித்தேன். லதா மட்டும் சுவரோரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணே, பெட்டி மூணு உண்டே" என்று அதைத் திருப்பினாள். கருப்பு மையில் என் பெயர் பெரிதாக இருந்தது. என் எழுத்து எப்போதும் தெளிவாக இருக்கும்.

நான் திருகு முடுக்கும் ஆலன் கீக்களை அளவு வாரியாக அடுக்கினேன். ஒன்பதும் இருந்தன. பிறகு ஜெபராஜ் சொன்னார்: "அண்ணே, பட்டியலு எழுதினது நீங்க. அதில ஒங்களுக்க பேரு இல்ல. நீங்க ஒரு எண்ணம் விடமாட்டீங்க. அதனால வர மனசில்லேண்ணு நாங்க வச்சோம்."

"மறந்து போச்சு" என்றேன். நாற்பத்தொரு வருடத்தில் அந்தக் கடையில் நான் அந்த வார்த்தையைச் சொன்னது அன்றுதான்.

இனி டிக்கெட் கிடைக்குமா என்று அனில் போனில் தேடினார். அந்த விமானத்தில் இடம் இல்லை. அப்போது அளியன் முன்னால் வந்து, "எனக்க டிக்கெட்டில அண்ணன் போகட்டு. எனக்கு மலை எதுக்கு? சைக்கிள் எதுக்கு? தங்கச்சி விளிச்சாளேண்ணு வாறேன், அவ்வளவுதான்" என்றார். ஆறு பேரில் அவர் ஒருவரைத்தான் நான் மனதுக்குள் அதிகம் கரித்துக்கொட்டியிருந்தேன். அவர் கொடுத்த பதினெட்டுப் பழத்தையும் நான் ஒருவனே சாப்பிட்டிருந்தேன். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் டேப்பைத் தேடினேன்; டேப் என் கையிலேயே இருந்தது.

அனில் போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "அளியா, டிக்கெட்டில பேரு எழுதியாச்சு. எழுதின பேர இனி மாத்த முடியாது."

கணக்கு

அவர்கள் போய்விட்டார்கள்: ஆறு பேர், இரண்டு சைக்கிள், ஒரு தலைக்கவசம் கூடுதல், பத்துக் கிலோ அரிசி. எதையும் இரண்டு தடவை எண்ணிப் பார்க்கிறவனின் கடையில் மிச்சம், பெயர் சரியாக எழுதிய காலிப் பெட்டி ஒன்று.